மூளையின் காவற் கலங்கள்

மூளையைப் பற்றிப் பேசுவோர் நரம்புக் கலங்களைப் பற்றியே பேசுவது வழக்கம். சிந்தனையும் நினைவும் அவற்றின் தொழில் ஆதலின் அது இயல்பே. ஆயினும், அவற்றின் இடையிடையே வேறொரு சிறு கலம் வாழ்கின்றது. நோய்க் கிருமியை எதிர்ப்பதும், இறந்துபட்ட கலங்களை விழுங்கி அகற்றுவதும் அதன் வேலை. மைக்குரோகிளியா என்பது அதன் பெயர். அப்பெயரை இட்டவர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா என்னும் ஸ்பானிய வைத்தியர்.

மூளையின் மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், சாயம் ஏற்றாதவரை அதிற் கலங்களைப் பிரித்தறிதல் அரிது. எந்தச் சாயம் எந்தக் கலத்திற் பற்றும் என்பதிலேதான் அக்கால ஆராய்ச்சி முழுவதும் தங்கியிருந்தது. 1906இல் நோபெல் பரிசு பெற்ற ராமோன் இ கஹால், 1913இல் பொன் கலந்த சாயமொன்றினால் நட்சத்திர வடிவக் கலங்களைத் தெளிவாகக் காட்டினார். அவற்றுக்கும் நரம்புக் கலங்களுக்கும் அப்பால் எஞ்சியவற்றில் உட்கரு மட்டுமே தெரிந்தது, கிளைகள் தெரியவில்லை. கஹால் அவற்றை 'மூன்றாங் கூறு' என்றார். ஜெர்மனியில் நிசில் என்பவர் நோயுற்ற மூளையிற் கோல் போன்ற கலங்களை 1899இலேயே விவரித்திருந்தார். ஆனால் நலமுள்ள மூளையில் அவை எவ்வுருவில் உள்ளன என்பது புலப்படவில்லை.

மட்ரிட் நகரிற் கஹாலின் ஆய்வுகூடத்திலேயே பணிபுரிந்த ஓர்த்தேகா, வெள்ளிக் காபனேற்றைக் கொண்டு புதிய சாயமுறை ஒன்றை வகுத்தார். மறைந்திருந்த கிளைகள் தோன்றின. மூன்றாங் கூறு என்பது ஒன்றன்று, இரண்டு என்று அவர் 1919இல் எழுதினார். அவற்றுள் ஒன்றே மைக்குரோகிளியா. அமைதியாக இருக்கும்போது மெல்லிய கிளைகளை நீட்டி நிற்கும் அக்கலம், மூளை காயப்பட்டதும் கிளைகளைச் சுருக்கி உருண்டு, நகர்ந்து சென்று, சிதைந்தவற்றை விழுங்குகின்றது. அது மூளைக்குப் புறத்தே தோன்றி உள்ளே குடிபுகுந்தது என்றும் அவர் கூறினார்.

ஆசிரியருக்கு இஃது உவக்கவில்லை. ஆய்வுகூடத்துச் சில்லறைச் சச்சரவுகளும் சேர்ந்துகொள்ள, 1920இல் ஓர்த்தேகா வெளியேற நேர்ந்தது. குருவின் கூற்றைத் திருத்துவது எந்த நாட்டிலும் இலேசான காரியமன்று போலும்! எனினும், 1924இல் வைல்டர் பென்பீல்ட் என்னும் அறுவை வைத்தியர் அமெரிக்காவிலிருந்து மட்ரிட்டுக்கு வந்து அவரிடம் அச்சாயமுறையைக் கற்றார். 1936இல் மூண்ட உள்நாட்டுப் போர் ஓர்த்தேகாவைப் பாரிஸுக்கும் ஒக்ஸ்போர்டுக்கும், ஈற்றிற் புவெனஸ் அயர்ஸுக்கும் துரத்தியது. அங்கேயே 1945இல் அவர் காலமானார். அவருக்குப் பின் நெடுங்காலம் அவர் கண்ட கலத்தைப் பெரிதாகக் கருதினோர் சிலரே.

2010இல் எலிகளில் நடந்த ஆய்வு, இக்கலங்களின் முன்னோடிகள் கருவூண் பையிற் பிறந்து, கருப்பருவத்தின் தொடக்கத்திலேயே மூளையை அடைகின்றன எனக் காட்டியது. புறத்தேயிருந்து வந்தது என்ற ஓர்த்தேகாவின் வாக்கு மெய்யாயிற்று. மூளையில் முக்கியமாக இக்கலங்களிலே தொழிற்படும் ட்ரெம்-2 என்னும் பரம்பரையலகின் அரியதொரு மாற்றம், நினைவை அழிக்கும் அல்சைமர் நோய்க்கான அபாயத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகின்றது என்பது 2013இல் வெளியாயிற்று. அந்நோயிற் படியும் புரதத் திட்டுகளைச் சூழ்ந்து அடைத்து நிற்பவை இக்கலங்களே. ஆயின், நோயின் தொடக்கத்தில் நரம்புக் கலங்களின் இணைப்புகளையே இவை விழுங்கிவிடுவதை 2016இல் எலிகளிற் கண்டனர். காவலனே களவாடுகின்றான்! அழற்சியைத் தணிக்கும் மருந்துகளை அல்சைமர் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பயன் தரவில்லை. அம்மருந்துகள் காவலையும் களவையும் ஒருங்கே அடக்கிவிடுகின்றன என்று கருதுவோர், நோயின் எப்பருவத்தில் இக்கலங்களை ஊக்குவது, எப்பருவத்தில் அடக்குவது என்று இப்பொழுது ஆராய்ந்து வருகின்றனர்.