வெளிநாடு செல்லும் தொழிலாளர்களும் மனநலப் பரிசோதனையும் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

பீங்கான் நகரம் எனப்படும் விருத்தாசலத்தில் சூளையிலிருந்து எடுத்த பொருளைத் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் சரியில்லை என்றால் விரிசல் இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். கடல் கடந்து வேலைக்குப் போகும் மனிதர்களையும் சட்டங்கள் ஏறக்குறைய இப்படித்தான் சோதித்து வந்துள்ளன.

ஒப்பந்தக் கூலி காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் விருத்தாசலம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1837-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டப்படி, வெளிநாடு செல்லும் கூலியாள் ஓர் அதிகாரி முன் நேரில் நிற்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பிறகு தென்னார்க்காட்டிலிருந்தும் பலர் நேட்டாலுக்குச் சென்றனர்.

கப்பலேறும் முன் மருத்துவர் பார்த்தது உடல் வலுவையும் தொற்றுநோயையும்தான். ஆனால் அப்படித் தேறிப் போனவர்களிடையே நேட்டாலிலும் பிஜியிலும் தற்கொலைகள் பெருகின. பிஜியில் ஒப்பந்தக் கூலிகளின் தற்கொலை விகிதம் இந்தியாவில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். பெண்களைப் பற்றிய பொறாமையே காரணம் என்றனர் அதிகாரிகள். கங்காணியின் அடி, முடிக்க முடியாத அன்றாட வேலை, ஊருக்குத் திரும்ப வழியில்லாத தனிமை ஆகியவற்றை அவர்கள் பெரிதாகப் பேசவில்லை. 1917-ல் ஆள் அனுப்புவது நின்றது. 1920-ல் பிஜியில் மீதமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

பின் வந்த சட்டங்கள்

1922-ல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் காலரா, அம்மை பயத்தால் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். 1922 சட்டத்துக்குப் பதிலாக 1983-ல் புதிய சட்டம் வந்தது. அது ஆள் சேர்க்கும் முகவர்களுக்குப் பதிவையும், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியையும் கட்டாயமாக்கியது. மனநலம் அதன் முக்கியக் கவலையாக இல்லை.

வளைகுடா நாடுகளின் மருத்துவ விதிகளில் மனம் இடம்பெற்றது. ஆனால் எப்படி? காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றோடு மனநோயும் 'தகுதியில்லை' என்ற பட்டியலில் சேர்ந்தது. நகையை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டியவர் தூக்கமின்மையைப் பற்றி வாய் திறப்பாரா? மறைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார். பிலிப்பைன்ஸில் புறப்படும் முன் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் உளவியல் தேர்வும் உண்டு. இந்தியாவில் 2018-ல் புறப்படுமுன் ஒரு நாள் பயிற்சி தொடங்கப்பட்டது. அது பயனுள்ளதே, ஆனால் ஒரு நாள் மட்டுமே.

முடிவுரை

பிஜியில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் விரிசலோடு கப்பலேறவில்லை. அங்கே போன பிறகே உடைந்தார்கள். வடிகட்டும் பரிசோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஆகவே மனநல விதி என்பது ஆளை ஒதுக்குவதற்காக இருக்கக் கூடாது. போன இடத்தில் தாய்மொழியில் பேச ஓர் ஆள், பாஸ்போர்ட் தன் கையில், வேண்டாம் என்றால் திரும்பி வர ஒரு வழி – இவற்றை உறுதி செய்வதே உண்மையான மனநலப் பாதுகாப்பு.