பொம்மைக் கார் கூறும் வரலாறு

சபர் சென்று மீண்டோர் திறக்கும் பெட்டியில் அத்தரும் துணிமணியும் இருக்கும். பிள்ளைகளுக்கென்று சில வேளை ஓர் உலோகப் பொம்மைக் காரும் இருக்கும். நீண்ட உடலும் வாலருகே உயர்ந்த சிறகும் கொண்டு, கூரையைப் பின்னே மடித்துவிட்டுக் காற்று வாங்கிச் செல்லும் அமெரிக்க வண்டியின் சிற்றுருவம் அது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளில் வரலாறு என்ன இருக்கிறது என வாசக அன்பர்கள் வினவலாம். அதைப் பிறப்பித்த அச்சைப் பின்தொடர்ந்தால், கைத்தொழில் ஒரு நாட்டில் எவ்வாறு வேரூன்றுகிறது, எவ்வாறு பட்டுப்போகிறது என்னும் பாடமே நமக்குக் கிட்டுகிறது.

அச்சைக் குறிக்க அரபு மொழியில் இரு சொற்கள் உண்டு. ஒன்று ‘காலிப்’, உருக்கியதை ஊற்றி உருவம் பெறும் வார்ப்பச்சு. துப்பாக்கிக் குழலின் அளவைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் ‘காலிபர்’ என்னும் சொல் இதன் வழி வந்ததே. மற்றொன்று ‘ஸிக்கா’; நாணயத்தில் முத்திரை பதிக்கும் இரும்பச்சு. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் இச்சொல்லை ஆராய்கிறார். முதலில் அச்சுக்கே பெயராக இருந்த ஸிக்கா, பின்னர் அது பதித்த முத்திரைக்கும், அதன்பின் நாணயச்சாலையைக் கண்காணிக்கும் பதவிக்கும் பெயராயிற்று என்று விளக்கி, அதனை ஆட்சியின் அடையாளங்களுள் ஒன்றாக வைக்கிறார். அச்சு எவர் கையிலோ, ஆட்சியும் அவர் கையில் என்பது இதன் உட்பொருள்.

பொம்மைக் காரின் பிறப்பும் அச்சுக்கூடத்திலேதான். 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு, ஈயக் கலவையை உருக்கி எழுத்து வரிகளை வார்க்கும் லினோடைப் இயந்திரத்தைச் சலவைத் தொழிலுக்கான இதழ் நடத்திய டௌஸ்ட் சகோதரர்கள் கண்டனர். எழுத்தை வார்க்கும் முறையால் பொத்தானையும் சிறு உருவங்களையும் வார்க்கலாமே என்று எண்ணினர். பொத்தானில் தொடங்கிய அத்தொழில் 1910களில் சிறு மோட்டார் வண்டிகளை எட்டியது. ‘டூட்ஸிடாய்’ என்று புகழ்பெற்ற பொம்மைகள் அவர்களுடையவை. எழுத்தும் பொம்மையும் ஒரே உலையில் பிறந்த உடன்பிறப்புகள் எனில் மிகையாகாது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ நிறுவனம், 1934 முதல் ‘டிங்கி’ என்னும் பெயரில் இவ்வகைப் பொம்மைகளை விற்றது. 1950களின் நடுவில் அது வெளியிட்ட பக்கார்டு, காடிலாக் ஆகிய கூரை மடக்கும் அமெரிக்க வண்டிகள் ஏறத்தாழ நான்கரை அங்குல நீளமுடையவை. செய்முறை இதுதான்: எஃகில் குடைந்த இரு பாதி அச்சுகளை இறுக மூடி, உருகிய துத்தநாகக் கலவையை அழுத்தத்துடன் உட்செலுத்துவர். நொடிப்பொழுதில் அது இறுகும். அச்சைத் திறந்து எடுத்து, ஓரப் பிசிறு நீக்கி, வண்ணம் தீட்டி, அடித்தகட்டைப் பொருத்துவர். செலவும் கலையும் எல்லாம் அச்சைக் குடைவதிலேயே அடங்கும். வார்ப்பது அதன்பின் எளிது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. எழுத்து வார்ப்புக்கு உயிராக இருந்த ஈயம், துத்தநாகத்தில் சிறிதளவு கலந்துவிட்டாலும் நஞ்சாகிறது. அவ்வாறு கலந்த பழைய பொம்மைகள் ஆண்டுகள் சென்றபின் வெடித்து, உப்பி, மாவாய் உதிர்கின்றன. பார்வைக்குத் தெரியாத கலப்படம் நாளடைவில் வெளிப்பட்டே தீரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலும், ஃபோர்டு பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் விடுதலைக்கு முன்பே அமெரிக்க வண்டிகளைப் பூட்டி விற்றன. உதிரிகள் கப்பலில் வந்தன. இங்கு நடந்தது திருகாணி முடுக்கும் வேலை. உற்பத்தித் திட்டம் இல்லாதோர்க்கு இங்கு இடமில்லை என அரசு 1953-இல் முடிவு செய்ததும், 1954 வாக்கில் இரு நிறுவனங்களும் கடை கட்டின. மெய்யான அமெரிக்க வண்டி அரிதாயிற்று. பொம்மை மட்டும் நம் பிள்ளைகளுக்கு எஞ்சியது.

அப்பொம்மையும் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கே வந்தது. அங்குள்ள அடாம்கோ நிறுவனம் டிங்கியின் பழைய அச்சுகள் சிலவற்றைப் பெற்று, அடித்தகட்டில் பெயரை மாற்றி, ‘நிக்கி’ பொம்மைகளாக வெளியிட்டது. பிளிமத் ஃபியூரி என்னும் அமெரிக்க வண்டியும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு 20 வண்டியின் பெயர் தாங்கிய சிற்றுந்தும் அவற்றுள் அடங்கும். ஆயினும் அவை பிறர் உழைத்துத் தேய்ந்த அச்சுகள். ஓரங்கள் மழுங்கின, வண்ணம் தடித்தது. தேய்ந்த அச்சைத் தேய்ந்த மட்டும் பயன்படுத்தலாம். அதிலிருந்து புதிய வண்டி பிறக்காது. நிக்கி நீடிக்கவில்லை. அச்சை விற்ற லிவர்பூல் ஆலையும் 1979-இல் மூடப்பட்டது.

இதற்கு மாறான சான்று வள்ளூருக்கு அருகிலேயே உள்ளது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தோன்றி ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறி, உறுப்புகளைப் படிப்படியாக இங்கேயே ஆக்கும் வழியை மேற்கொண்டது. 1959-இல் எண்ணூர் வார்ப்படச் சாலையும் அமைந்தது. உருக்கவும் வார்க்கவும் கற்ற அத்தொழில் இன்றும் நிலைத்துள்ளது. 1998-இல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சர் காரோ இன்று அங்கே உருவாவதில்லை.

பழவேற்காடு முதல் மீஞ்சூர், வள்ளூர், கும்மிடிப்பூண்டி வரை நம் இளைஞர் பலர் ஆலை வாயில்களில் வேலை தேடி நிற்கின்றனர். மற்றும் பலர் கடல் கடக்கின்றனர். உழைப்பு எதுவாயினும் கண்ணியமானதே. ஆனால் வார்க்கும் கைக்குக் கிடைக்கும் கூலி வேறு. அச்சைக் குடையும் கைக்குக் கிடைக்கும் மதிப்பு வேறு. தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘டூல் அண்ட் டை மேக்கர்’ என்னும் பாடப்பிரிவு உண்டு. பெற்றோர் பலர் அதன் பெயரையும் அறியார். பிள்ளைக்குப் பொம்மைக் கார் வாங்கித் தருவது அன்பு. அதன் அச்சைக் குடையும் கலையை அவன் கற்க வழி செய்வது அதனினும் பெரிய அன்பு. காலிபும் ஸிக்காவும் நம் நூல்களில் உள்ளன. அவை நம் பிள்ளைகளின் கைகளிலும் இருக்க வேண்டும்.