உடல் சமநிலை

வெளியே வெயில் கொளுத்தினாலும் பனி கொட்டினாலும், உடல் தன் உட்சூடு, நீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றைக் குறுகிய எல்லைக்குள் காத்துக்கொள்ளும் இயல்பு உடல் சமநிலை எனப்படும். ஹோமியோஸ்டாசிஸ் என்றும் வழங்கும். உட்சூடு 37 டிகிரி செல்சியசை ஒட்டியும், இரத்தத்தின் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையிலும் நிற்கும்.

இயங்கும் விதம்: புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் போன்ற வானம் பார்த்த பூமியில், சித்திரை வெயிலில் கண்மாய்க் கரையில் மண் சுமப்பவரின் உடலில் இதைக் காணலாம். இரத்தம் சூடேறுவதை மூளையின் ஹைப்போதலாமஸ் உணர்ந்ததும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்க்கிறது. மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைப்பது போன்றதே இதுவும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். நீர் குறையக் குறையத் தாகம் எடுக்கிறது. சிறுநீரகம் நீரைச் சிக்கனமாக விடுகிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகிறது. வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் இரண்டையும் ஈடுகட்டுகின்றன.

கருத்தின் வரலாறு: வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு இருப்பதே நலம் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. மிகினும் குறையினும் நோய் என்ற கருத்தைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் முதற்குறளிலேயே வைக்கிறது. 1770களில் ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் பிளாக்டன், 100 டிகிரிக்கும் மேல் சூடேற்றிய அறையில் நண்பர்களுடன் நின்றார். அங்கே வைத்த இறைச்சி வெந்தது, அவர்கள் உடற்சூடோ பெரிதாக ஏறவில்லை. உயிரணுக்களைச் சூழ்ந்த நீர்மமே உடலின் 'அகச்சூழல்', அது மாறாதிருப்பதே உயிர்வாழ்வுக்கு அடிப்படை என்று பிரான்சின் கிளாத் பெர்னார் 19ஆம் நூற்றாண்டில் விளக்கினார். இதற்கு 1926இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன்.

உயிர்காத்த பயன்: 1971இல் மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில், உடலின் நீரையும் உப்பையும் வடியவைக்கும் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். குடல், குளுக்கோஸோடு சேர்ந்த உப்பை உறிஞ்சும். உப்பின் பின்னே நீரும் செல்லும். 30 விழுக்காட்டை எட்டியிருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இந்த வழியில் வந்ததே.

எல்லை: சமநிலை சும்மா கிடைப்பதில்லை. உடல் தன் இருப்பிலிருந்து நீரையும் உப்பையும் செலவழித்தே அதைக் காக்கிறது. உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு முன்பே, தாகத்துக்குக் காத்திராமல், உழைப்பவர் கைக்கு ஒரு சொம்பு மோரும் ஒதுங்க ஒரு நிழலும் எட்ட வேண்டும்.