கிரேக்க ஆண்பெயர்கள்

கிரேக்கர் தம் ஆண்மக்களுக்குப் பெரும்பாலும் இரு சொற்களைப் புணர்த்துப் பெயரிட்டனர். அலெக்சாந்திரொஸ் என்பதற்கு மாந்தரைக் காப்பவன் என்றும், பிலிப்பொஸ் என்பதற்குக் குதிரைகளை நேசிப்பவன் என்றும் அர்த்தம். தமிழர்க்கு மிகப் பழைய காலத்திலேயே யவனரோடு வாணிகம் இருந்தபோதிலும், இன்று நம்மிடை வழங்கும் கிரேக்கப் பெயர்கள் பிற பாஷைகளின் வழியாக, உருத்திரிந்தே வந்து சேர்ந்தன. பெரியநீலாவணைத் தமிழரும், நெசவுக்குப் பேர்போன அயலூர் மருதமுனையின் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இலங்கையின் கல்முனைக் கரையில் இது தெளிவாகப் புலப்படும்.

அசோகனின் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அலெக்சாந்திரொஸ் என்னும் யவன வேந்தன் ஒருவனின் பெயர் 'அலிகசுதர' என்று காணப்படுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட யவன மன்னன் மெனாந்தரோ பாலி நூலில் மிலிந்தனாகி, சிங்களப் பிள்ளைகளின் பெயராக இன்றும் வாழ்கிறான்.

அலெக்சாந்தர் என்பதன் முதலிலுள்ள 'அல்' என்பதை அரபியர் தம் மொழியின் சுட்டெனக் கொண்டு பிரித்தமையால் இஸ்கந்தர் பிறந்தது. பாரசீகர் நாவில் அது சிக்கந்தர். மதுரைச் சுல்தான்களுள் இறுதியானவர் இப்பெயரினர். திருப்பரங்குன்ற மலைமீது சிக்கந்தர் பாதுஷாவின் பெயரால் தர்காவும் உண்டு. திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயத்திற் கூறப்படும் துல்கர்னைன், அதாவது இரு கொம்புடையார், மகா அலெக்சாந்தரே என வியாக்கியானகாரர் பலர் கொண்டனர். சிலர் வன்மையாக மறுத்தனர். மறுப்பினால் பெயரின் கீர்த்தி குன்றவில்லை. இலங்கை முஸ்லிம்களிடையே துல்கர்னைன் என்பதும் பிள்ளைப் பெயரே. இல்யாஸ், யூனுஸ் என்னும் நபிமார் நாமங்களோ மூலத்தில் எபிரேயம். அவற்றின் ஈற்றிலுள்ள 'ஸ்' கிரேக்க விகுதியின் எச்சமென்பது மொழிநூலார் கருத்து.

கத்தோலிக்கரோ சில பெயர்களை மொழிபெயர்த்தே சூட்டினர். ஸ்தெபனொஸ் என்றால் கிரீடம். ஆகவே அப்பெயர் கொண்ட புனிதர் முடியப்பர். ஆண்மையுடையோன் எனப் பொருள்படும் அந்திரெயாஸ் பெலவேந்திரர் ஆனார். ஒலியை மாத்திரம் கடன்கொண்ட பெயர்களினும் இவை செவிக்கு இனியன என்பதில் ஐயமில்லை. 1814இல் வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிய பின்னர், புரட்டஸ்தாந்தரிடையே ஸ்தேவான், அந்திரேயா, பிலிப்பு என்னும் வேதாகம வடிவங்களும், நாளடைவில் ஆங்கில வடிவங்களும் பரவலாயின. அவற்றுள் ஜோர்ஜ் என்பது ஆங்கில அரசர் பெயரென்றே பிரசித்தி பெற்றது. அதன் கிரேக்கப் பொருள் உழவன் என்பதை வயல் செய்து பிழைக்கும் இக்கரையோர் எவரும் அந்நாளில் எடுத்துச் சொன்னதாகத் தோன்றவில்லை.