446 பைட்டும் ஒரு வாசல் தகராறும்

விண்டோஸைத் திரும்பப் போட்டவுடனே லினக்ஸ் காணாமல் போன கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பொட்டியை ஆன் செய்தால் தேர்வுப் பட்டியல் வராது. நேராக விண்டோஸ். "லினக்ஸ் அழிஞ்சு போச்சு" என்று முடிவுகட்டி, மிச்சமிருக்கும் பார்ட்டிஷனையும் ஃபார்மேட் பண்ணிவிட்டு உட்காருபவர்கள் நிறையப் பேர். அழிந்தது லினக்ஸ் இல்லை, அதற்குப் போகும் வழி மட்டும்தான்.

இது ஏன் இப்படி ஆச்சு? கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

1983 மார்ச்சில் ஐபிஎம், பத்து மெகாபைட் வன்தட்டோடு பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. கூடவே வந்த டாஸ் 2.0தான் வன்தட்டைப் பாகம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தட்டின் முதல் செக்டார் மொத்தம் 512 பைட்டு. அதில் 446 பைட்டு, கணினியை எழுப்பும் நிரலுக்கு. 64 பைட்டு, நாலு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு. கடைசி 2 பைட்டு முத்திரை. இதற்குப் பெயர் எம்பிஆர். நம்ம மாட்டுங்கா பழைய பில்டிங் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாலு குடித்தனம் இருக்கலாம், ஆனால் கேட் ஒன்று, வாட்ச்மேனும் ஒருத்தர்தான். கடைசியாகக் குடிவந்தவர் தன் வாட்ச்மேனை நிறுத்திவிட்டால் மற்றவர்கள் கதி?

லினக்ஸ் பக்கம் முதலில் பிரபலமான வாட்ச்மேன் லைலோ. 1990களின் ஆரம்பத்தில் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. கெர்னல் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றினால் லைலோவைத் திரும்ப ஓட்டவேண்டும். மறந்தால் லினக்ஸ் எழும்பாமல் நின்றுவிடலாம் :-) 1995ல் எரிக் போலின் எழுதிய கிரப் இன்னும் புத்திசாலி. கோப்பு முறையையே படித்து கெர்னலைத் தானே தேடிக்கொள்ளும். 1999ல் அது குனு திட்டத்துக்குள் வந்தது.

லினக்ஸ் நிறுவிகள் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் பட்டியலில் சேர்த்துவிடும். விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி நிறுவிகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. 446 பைட்டில் தங்கள் நிரலை எழுதிவிட்டுப் போய்விடும். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் 64 பைட்டு அட்டவணையைத் தொடாது. அதனால்தான் உங்கள் கோப்புகள் பிழைக்கின்றன.

இது வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று நினைத்தால் பீஓஎஸ் கதையைக் கேளுங்கள். ஜப்பானில் ஹிட்டாச்சி, விண்டோஸ் 98ஓடு பீஓஎஸ்ஸையும் சேர்த்துப் போட்டு ஒரு கணினியை விற்றது. ஆனால் ஆன் செய்தால் வருவது விண்டோஸ் மட்டும். பீஓஎஸ் உள்ளே இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது. உரிம ஒப்பந்தங்களால் வந்த வினை என்று பீ நிறுவனம் 2002ல் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில் 2.325 கோடி டாலருக்குச் சமரசம். தப்பு செய்ததாக மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பீ நிறுவனமோ அதற்குள் கடையைக் கட்டியிருந்தது.

நம்ம மும்பைக்கு வருவோம். லேமிங்டன் ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பொட்டிகளின் காலம் அது. எக்ஸ்பியில் வைரஸ் வந்தால் ஒரே வைத்தியம், "ஃபார்மேட் மார் தோ". தாராவி 90 அடி ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அண்ணாச்சி ஒருத்தர் எனக்குப் பழக்கம். மூன்று வருஷக் கணக்கும், பத்திரிகை மாதிரிகளும் லினக்ஸ் பக்கத்தில். எக்ஸ்பியைத் திரும்பப் போட்டுக்கொடுத்த பையன், "வோ தோ கயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அண்ணாச்சி போனில் பேசிய குரல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

செம்பூரிலிருந்து ஒரு லைவ் சிடியோடு போனேன். அதில் பூட் செய்து, கிரப் ஷெல்லைத் திறந்து, லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனை 'ரூட்' என்று காட்டி, முதல் வன்தட்டுக்கு 'செட்டப்' கொடுத்தால் வேலை முடிந்தது. பட்டியல் வந்தது. "இம்புட்டுத்தானா தம்பி?" என்றார். இம்புட்டுத்தான். தெரியாமல் இருந்திருந்தால் மூன்று வருஷ உழைப்பு போயிருக்கும்.

கிரப் 2 வந்தபிறகு வழி கொஞ்சம் மாறியது. லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதனோடு இணைத்து, சிஹெச்ரூட் வழியாக உள்ளே போய் கிரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-கிரப்.

இப்போதைய யூஈஎஃப்ஐ கணினிகளில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி அடைவு உண்டு. விண்டோஸைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் வரிசை மட்டும்தான் மாறும். அமைப்புகளுக்குள் போய் லினக்ஸை மேலே நகர்த்தினால் போதும். ஆனால் தகராறு முழுக்கத் தீர்ந்தபாடில்லை. 2012ல் விண்டோஸ் 8ஓடு செக்யூர் பூட் வந்தது. லினக்ஸ் எழும்பும் ஷிம் நிரலுக்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டு இயங்குதளமும் இருந்த பல கணினிகளில் லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது.

2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. பழைய பொட்டியில் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறவர்கள் இனி கூடுவார்கள். அவர்களுக்கு ஒன்றே ஒன்று. பட்டியல் வரவில்லை என்றால் பதறாதீர்கள். யார் என்ன சொன்னாலும், லைவ் பென்டிரைவில் பூட் செய்து உள்ளே எட்டிப் பார்க்காமல் ஃபார்மேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். வீடு அங்கேயேதான் இருக்கும்.