குப்பைமேட்டுக்கு வந்த கடல்நீர்ச் சவ்வு

குப்பைமேட்டில் ஊறி வடியும் கறுத்த கசிவுநீரைச் சவ்வில் செலுத்தித் தெளிநீராக்குவதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்றே பலரும் எழுதுகிறார்கள். அதன் வரலாறு எனக்குச் சட்டத்தின் கதையாகவே படுகிறது. சட்டம் மேட்டை விட்டு வெளியேறும் நீரைத்தான் அளந்தது. உள்ளே தங்குவதை அவ்வளவாகக் கேட்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் சவ்வு வந்து பொருந்தியது. அது குப்பைக்காகப் பிறந்ததே அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி செல்லுலோஸ் அசிட்டேட்டில் செய்த சவ்வு, உப்புநீரைக் குடிநீராக்க வந்தது.

கிழக்கு ஜெர்மனி 1979-இல் லூபெக் நகருக்கு அருகே, எல்லையோரம், ஷோன்பெர்க் குப்பைமேட்டைத் திறந்தது. அந்நியச் செலாவணிக்காக மேற்கு ஜெர்மனியின் நச்சுக்கழிவையும் வாங்கிக் கொட்டியது. 1990-இல் இரு நாடுகளும் இணைந்ததும், காசு கொடுத்து அனுப்பிய குப்பை மேற்குக்காரர்களிடமே திரும்பி வந்தது! இன்று இலென்பெர்க் எனப்படும் அந்த மேட்டின் கசிவுநீரை இரு கட்ட எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்தது இத்துறையில் அடிக்கடி சுட்டப்படும் முன்மாதிரி. பாய்போல் இறுகச் சுருட்டிய வழக்கமான சவ்வு இந்த நீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எனவே வட்டத் தட்டுகளுக்கிடையே சவ்வுகளை அடுக்கி, நீர் தாராளமாக ஓட இடம்விட்டார்கள். அம்மோனியா வாயுவாகக் கரைந்திருந்தால் சவ்வைத் தாண்டிவிடும். அமிலம் சேர்த்தால் அம்மோனிய அயனியாக மாறிப் பெரும்பகுதி தடுக்கப்படும்.

ஆனால் சவ்வு எதையும் அழிப்பதில்லை, பிரித்துத்தான் வைக்கிறது. தடுக்கப்பட்ட உப்பும் அம்மோனியமும் கரிமப் பொருளும் அடர்கழிவாகத் தேங்கும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் ஆர்.ஓ. ரிஜெக்ட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஜெர்மனியில் பல இடங்களில் அடர்கழிவை மேட்டுக்குள்ளேயே திருப்பி விட்டார்கள். ஈரம் சேர்ந்தால் குப்பை விரைவாக மட்கும், கரிமப் பொருள் அங்கேயே சிதையும் என்பது ஆதரிப்போர் வாதம். கரிமப் பொருளில் ஒரு பகுதிக்கு அது உண்மைதான். உப்பு சிதையாது, காற்றில்லாத மேட்டுக்குள் அம்மோனியமும் எளிதில் மறையாது. இரண்டும் மீண்டும் கசிந்து வரும்; நீர் உப்பேறினால் சவ்வைத் தாண்டத் தேவையான அழுத்தமும் கூடும். சவ்வு இல்லாவிட்டால் எல்லாமே ஆற்றுக்குத்தானே போகும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன், ஆறு பிழைத்திருக்கிறது. எனினும் அடர்கழிவை ஆவியாக்கி, எஞ்சும் உப்பைப் பாதுகாக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

சீனத்திலும் இதே போக்குதான். 2008-இல் வந்த தரவிதி, கரிம மாசைக் காட்டும் வேதி ஆக்ஸிஜன் தேவையை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் அடக்கச் சொன்னது. நுண்ணுயிரிகளால் மட்டும் அதை எட்டுவது கடினம் என்பதால் சவ்வு நிலையங்கள் பெருகின, கூடவே அடர்கழிவும் பெருகியது. ஜெர்மனியோ 2005 ஜூன் முதல், பதப்படுத்தாத வீட்டுக் குப்பையை மேட்டில் கொட்டுவதையே நிறுத்தியது. கசிவுநீரின் ஊற்றுக்கண்ணைத் தொட்டது அந்த முடிவுதான். அதற்கு முன் குவிந்த மேடுகளின் கசிவுநீருக்கோ இன்னும் பல பத்தாண்டுகள் சுத்திகரிப்பு வேண்டும்.