மருந்தடிக்க வந்த ஆக்கள்

சித்திரை பிறக்க முதல் வீடு மெழுகுவது எங்கட ஊர் வழக்கம். ஆனால் மருந்தடிச்ச சுவரில கைவைக்கக் கூடாதெண்டு மலேரியாத் தடை இயக்கத்து ஆக்கள் சொல்லிப்போட்டுப் போவினம். அம்மம்மா கேட்கமாட்டா. "வருசத்துக்கு இந்தக் கோலத்திலயோ சுவர் கிடக்கிறது?" எண்டு சாணியைக் கரைச்சிடுவா. இரத்தம் குடிச்ச நுளம்பு வந்து குந்துவது அந்தச் சுவரிலேதான் என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

1934-35இல் மழை பொய்த்து, தென்மேற்கு ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கம்தான் பேரழிவு. சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டி.டி.ரி. வந்தது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர் மட்டுமே! இனி ஏன் வீண் செலவென்று அரசு மருந்தடிப்பை நிறுத்தியது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நுளம்புக்கும் டி.டி.ரி. பழகிவிட்டது. 1977இல் மலத்தியோனுக்கு மாறினார்கள். என் மூக்கில் இன்றும் நிற்பது அந்த நாற்றம்தான்.

1995இல் வலிகாமத்தை விட்டு ஓடி, பிறகு வன்னியில் மரத்தடியில் இருந்தபோது தம்பிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். மருந்து மட்டுமட்டாகத்தான் வந்த காலம். மூன்று நாள் குளிசையில் கடைசி நாளையதை மாமி ஒளிச்சு வைச்சா, அடுத்த பிள்ளைக்கு உதவுமெண்டு. இரண்டு கிழமையில் தம்பிக்குத் திரும்பவும் காய்ந்தது. மாமியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பி பிழைச்சான்.

1999இல் நாட்டில் 264,549 நோயாளர். அதன்பின் நடந்ததுதான் அதிசயம். போருக்குள்ளேயும் இரத்தம் குத்திப் பார்ப்பதும், மருந்தடிப்பதும், நுளம்பு வலை கொடுப்பதும் முற்றாக நின்றுபோகவில்லை. வடக்கு கிழக்கில் சைக்கிளில் திரிந்த அந்தச் சின்ன உத்தியோகத்தர்களுக்கு ஆரும் மாலை போட்டதாகத் தெரியவில்லை. 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடெனச் சான்றளித்தது.

அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் புதுவகை நுளம்பொன்று பிடிபட்டது. பட்டணத்துக் கிணறுகளிலும் பெருகக்கூடியது. மாமி இப்போது மன்னாரில்தான் இருக்கிறா. ரெலிபோனில் சொன்னா: "கிணத்துக்குள்ள மீன் விட்டிருக்கினம், நான் அதில கைவைக்கேல்லை."